குன்னூர் ஈரத்தில் பரிசு அலமாரி வைப்பது எப்படி?

திருச்சியிலிருந்து குன்னூர் பக்கத்து அருவங்காட்டுக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதமான ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஆபீஸ், பக்கத்து வீடு, இரண்டு பிள்ளைகளின் பள்ளி என்று மாதத்துக்கு மூன்று விசேஷமாவது வருகிறது. அவசரத்துக்கு ஆகட்டும் என்று பரிசுப் பொருள், கிஃப்ட் பேப்பர் எல்லாம் மொத்தமாக வாங்கிப் பரணில் போட்டேன். கார்த்திகையில் இறக்கிப் பார்த்தால் ஹேண்ட்பேக், ஸ்வெட்டர், பேப்பர் என்று பாதிக்குப் பாதி பூஞ்சணம். எதை, எங்கே, எவ்வளவு வைப்பது? கெட்டதை என்ன செய்வது?"

குன்னூர் பஜாரில் இருபத்திரண்டு வருடம் ஃபேன்சி ஸ்டோர் நடத்தியவள் நான். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. மிச்சச் சரக்கில் ஒரு பகுதி இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, பூஞ்சணம் இல்லாமல். அதனால் பதில் சொல்லும் தகுதி கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

பரணில் வைத்தீர்கள் பாருங்கள், கெட்டது அங்கேதான். கீழ்நாட்டு வீட்டில் பரண்தான் வீட்டிலேயே காய்ந்த இடம். இங்கே தகரக் கூரை. ராத்திரி வெளியே குளிர்ந்ததும் தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்து, விடிகாலையில் சொட்டும். ஓட்டு வீடாக இருந்தாலும் பரணில் காற்றோட்டம் கிடையாது. மலையில் பரண் என்பது காலிச் சூட்கேஸுக்கும் உடைந்த நாற்காலிக்கும்தான். தரையும் ஆகாது, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. மழைக்காற்று அடிக்கிற பக்கத்துச் சுவர் உள்ளே வரை ஈரம் இழுக்கும். பீரோவை அந்தச் சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள்.

பிறகு எங்கே? பழைய பங்களா வீடாக இருந்து கணப்பு அடுப்பு இருந்தால், அந்தப் புகைபோக்கிச் சுவருக்கு இந்தப் பக்கத்து அறை. இல்லையென்றால் ஃபிரிட்ஜ் இருக்கும் மூலை. ஃபிரிட்ஜ் பின்னாலும் பக்கவாட்டிலும் விடுகிற சூட்டில் அதையொட்டிய அலமாரி எப்போதும் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும். என் அலமாரி அங்கேதான் நிற்கிறது. சமையலறைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். தாளிப்பு வாசனை துணியில் ஏறினால் இறங்காது.

என் சித்தப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். ஈரம் பட்டால் பாழாகிற சரக்கைச் செய்த தொழிற்சாலை, அதுவும் இந்த மலையில். அவர் கடைக்கு வரும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்: "மழை நாள்ல பெட்டியை மூடாத. மூடினா ஈரத்தையும் உள்ள வச்சுப் பூட்டுற மாதிரி." காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா நல்லதா கெட்டதா என்று எல்லோரும் கேட்பார்கள். அது எந்த நாளில் மூடப்பட்டது என்பதைப் பொறுத்தது. வெயில் அடிக்கிற நாளில், மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், பொருளையும் டப்பாவையும் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டி, சூடு ஆறியதும் மூடினால் ஆறு மாதம் தொட வேண்டாம். மஞ்சு இறங்கின சாயங்காலத்தில் மூடினால் பதினைந்தே நாளில் உள்ளே காடு வளர்ந்திருக்கும்.

காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் தானாக வரும். ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் குன்னூர் வீட்டுக்குள் 85, 90 என்று காட்டும்போது, ஏன் அந்த ஹேண்ட்பேக் பச்சையாகிறது என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

சிலிக்கா ஜெல் நல்ல காவல். ஷூ டப்பாவில் வரும் சின்னப் பொட்டலம் போதாது. ஒரு பெரிய டப்பாவுக்குக் கால் கிலோ வேண்டும். அதைப் பழைய காட்டன் துணியில் கட்டி வைப்பேன். நிறம் மாறுகிற வகையில் நீல மணிகள் ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு வகை வாங்குங்கள். குடித்து முடித்ததைத் தூக்கிப் போடாமல், ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி வேலை செய்யும். கடையில் விற்கிற, அடியில் தண்ணீர் சேர்கிற டப்பாவும் ஈரத்தை இழுக்கும், ஆனால் அதில் சேர்வது உப்புத் தண்ணீர். கவிழ்ந்தால் பித்தளை, எவர்சில்வர், துணி எல்லாம் போச்சு. குளியலறைக்கு வைத்துக்கொள்ளலாம், பரிசு அலமாரிக்குள் வேண்டாம்.

மலைவாசிகளின் பழைய உபாயம் ஒன்று உண்டு: பீரோவுக்குள் 15 வாட் குண்டு பல்பு. உள்ளே காற்று கொஞ்சம் சூடானாலே ஈரப்பதம் இறங்கிவிடும். எங்கள் அம்மா வீட்டில் மழைக்காலம் முழுக்க எரியும். எல்.ஈ.டி. பல்பில் இந்தச் சூடு வராது. குண்டு பல்பு கிடைத்தாலும், கம்பிக்கூடு போட்டு, துணியும் பேப்பரும் ஒரு முழத்துக்குள் வராதபடி வைக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். பேப்பர் அடுக்கிய அலமாரியில் நான் வைப்பதில்லை.

இனி எதை வாங்கி வைப்பது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பரிசுப் பொருள் இருப்பு சின்னதாக இருக்கட்டும், சுற்றுகிற சாமான் இருப்பு முழுசாக இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழ். நாற்பது பொருள் இருக்கும், காலை ஏழரைக்குக் கிளம்பும்போது செல்லோ டேப் இருக்காது. இந்த ஊரில் கடை திறக்கவே பத்து மணி. மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ கூரியர் வராது. 2009 நவம்பரில் மண் சரிந்து சாலை அடைபட்டபோது கடைக்குப் புதுச் சரக்கே வரவில்லை, ஆனால் நிச்சயித்த கல்யாணங்கள் உள்ளூரில் நடந்துகொண்டுதான் இருந்தன. ஜனங்கள் வீட்டில் இருந்த பொருளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டது பேப்பரும் ரிப்பனும்தான்.

மே மாதத்துச் சீசனில் இன்னொரு தொல்லை. ஊட்டி மலர்க்காட்சிக்கு வருகிற கூட்டத்தில் குன்னூர் பெட்ஃபோர்டுப் பகுதியைத் தாண்டவே நேரமாகும், விலையும் சுற்றுலாக்காரர் விலை. அந்த மாதத்துக்கு வேண்டியதைப் பங்குனியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கடையில் பொருளை விலைவாரியாக அடுக்குவோம், "இருநூறு ரூபாய்க்கு என்ன இருக்கு?" என்றுதான் ஆள் உள்ளே வருவார். கடையை மூடிய பிறகு அதே பழக்கத்தில் வீட்டிலும் அடுக்கினேன். சரிப்படவில்லை. வீட்டில் எழும் கேள்வி வேறு: "நாளைக்கு என்ன விசேஷம்?" அதனால் இப்போது தட்டு தட்டாக விசேஷத்தின் பெயரில் பிரித்திருக்கிறேன். பால் காய்ச்சுவதும் கல்யாணமும் ஒரு தட்டு. பிள்ளைகள் பிறந்தநாள் ஒரு தட்டு. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதற்கு ஒரு சின்னப் பெட்டி. வீட்டுக்கு வருகிற சுமங்கலிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க ஒரு பெட்டி: ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமப் பொட்டலம், சின்னக் கிண்ணம். கடைசியாக "திடீர் தட்டு". யாராவது எதிர்பாராமல் ஏதாவது கொண்டுவந்து கொடுத்தால், வெறும் கையோடு அனுப்பாமல் இருக்க. அதில் எப்போதும் மூன்று பொருள், அதற்கு மேல் இல்லை.

உங்கள் மாதிரி இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பிறந்தநாள் தட்டில் ஐந்தாறு, கல்யாணத் தட்டில் மூன்று, குழந்தைப் பெட்டியில் இரண்டு, தாம்பூலப் பெட்டியில் பத்து போதும். அதற்கு மேல் வாங்கினால் கொடுக்க மாட்டீர்கள், பாதுகாத்துக்கொண்டு இருப்பீர்கள்.

இந்த ஈரத்தில் தாங்குகிற பொருள் எது என்று கேட்டால் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைக் கொடுப்பதற்கு முதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே வெட்டி வைத்தால் ஆள் மாற்ற முடியாது. பாத்திரத்தை வெறுமையாகவும் கொடுக்க மாட்டோம் இல்லையா, உள்ளே போடக் கல்கண்டுப் பொட்டலம் ஒன்று சமையலறையில் இருக்கட்டும். அலமாரியில் வேண்டாம், எறும்பு வரும்.

பித்தளை விளக்கு நல்ல பரிசு. ஆனால் கைரேகை பட்ட இடம் கறுத்துப் போகும். உலர்ந்த துணியால் துடைத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெள்ளிச் சாமானில் ரப்பர் பேண்டு போடவே போடாதீர்கள். ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை ரப்பர் பேண்டு போட்டு இரண்டு வருடம் வைத்திருந்தேன். எடுத்தபோது நடுவில் கறுப்பு ஒட்டியாணம் கட்டியிருந்தது. ரப்பரில் இருக்கும் கந்தகம் செய்கிற வேலை. வெள்ளியோடு ஒரு சாக்பீஸ் துண்டைப் போட்டு வைத்தால் ஈரத்தைக் கொஞ்சம் அது வாங்கிக்கொள்ளும்.

உள்ளூர்ப் பொருள்களில் என் முதல் தேர்வு தோடர் பூவேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்து வைத்துக்கொள்ளாமல் இழை எண்ணியே போடுகிற வேலை. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழ்நாட்டு உறவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. மெஷினில் அடித்ததையும் அச்சடித்ததையும் அதே பெயரில் விற்பார்கள், துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் போட்டதில் பின்பக்கமும் கிட்டத்தட்ட முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும். சால்வையை ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைக்கக் கூடாது, மடிப்பில் இழை தளரும். துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அதன் மேல் வேட்டித் துணி ஒன்றைச் சுற்றி, அதன் மேல் சால்வையைச் சுற்றி வையுங்கள். பட்டும் அப்படியே, இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையோடு வைக்க வேண்டாம்.

தேயிலையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனியாக. பக்கத்தில் என்ன மணம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். ஒரு தீபாவளிக்கு டான்டீ தேயிலைப் பாக்கெட்டுகளையும் நீலகிரித் தைலப் பாட்டில்களையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தேன். சென்னையில் அதைக் குடித்த நாத்தனார் போனில், "அண்ணி, இது டீயா, சளிக்குக் கஷாயமா?" என்றாள். சோப்பு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எல்லாம் இதே கணக்குதான். மணப்பொருளுக்கு ஒரு டப்பா, மணம் இழுக்கிற பொருளுக்கு இன்னொரு டப்பா, இரண்டும் வேறு வேறு அறையில். தேயிலையும் ஒரு வருடத்துக்குமேல் வைக்கிற சரக்கு இல்லை.

இருப்பே வைக்கக் கூடாதவை சில. தோல் பர்ஸ், பெல்ட்: பூஞ்சணத்துக்கு முதல் விருந்து. பாட்டரி போட்ட பொம்மை: கசிந்து உள்ளே பச்சை பிடிக்கும், வாங்கினால் பாட்டரியைக் கழற்றித் தனியாக ஒட்டி வையுங்கள். வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், முந்திரி, திராட்சை: அன்றன்றைக்கு வாங்குங்கள். (சாக்லேட் மேல் வெள்ளையாகப் பூத்தால் அது பெரும்பாலும் கொழுப்பு மேலே வந்தது, பூஞ்சணம் இல்லை. தின்னலாம், பரிசாகக் கொடுக்க முடியாது.) போட்டோ ஃபிரேமும் சுவர்க் கடிகாரமும் ஈரத்தில் தாங்கும், ஆனால் வாங்குகிற வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கும்.

பிறந்த குழந்தைக்கான துணி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதோடு பாச்சை உருண்டை (நாப்தலீன்) போடாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. நாப்தலீன் ஏறிய துணியைப் போட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைவு என்று வெளியே பார்த்துத் தெரியாது. கம்பளிக்கும் எனக்கு அது பிடிக்காது. துவைத்து, நன்றாகக் காய்ந்த கம்பளியை மூடி வைத்தால் அந்துப் பூச்சி வருவது குறைவு. அழுக்கும் வேர்வையும் உள்ள கம்பளியைத்தான் அது தேடி வரும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணி முடிச்சில் போடுவேன், அது என் அம்மா பழக்கம்.

அடுத்தது நோட்டு. மொய் நோட்டு இல்லாத வீடு நம்மிடையே ஏது? அதன் கடைசிப் பத்துப் பக்கத்தைத் திருப்பி இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள், எப்போது என்ன விலைக்கு வாங்கியது அல்லது யார் கொடுத்தது, யாருக்குப் போனது, எந்தத் தேதி. இவ்வளவுதான். நோட்டை அலமாரிக் கதவிலேயே நூல் கட்டித் தொங்கவிடுங்கள், பேனாவோடு. போனில் எழுதி வைக்கிறேன் என்று என் மகள் ஆரம்பித்தாள். இரண்டு வருடத்தில் போன் மாறியது, பட்டியலும் போனது.

வந்த பரிசை வேறொருவருக்குக் கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் செய்வதுதான், அதனால் சொல்கிறேன். வந்த அன்றே, கொடுத்தவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவின் அடியில் ஒட்டுங்கள். வெளியே போகும்போது அதைக் கிழியுங்கள். கொடுத்தவரின் ஹட்டியில் (படுகர் ஊரில்), அவர் ஆபீஸில், அவர் பிள்ளை படிக்கும் வகுப்பில் அந்தப் பொருள் போகக் கூடாது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்றும் சேர்ந்தாலும் ஒரே கல்யாண மண்டபம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். டப்பாவைத் திறந்து உள்ளே பார்க்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் பார்க்காமல் கொடுத்த ஒரு எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் என் மாமியார் பெயரே வெட்டியிருந்தது. பால் காய்ச்சின வீட்டுக்கார அம்மா குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது யாருங்க?" என்று கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

விலைச் சீட்டை உரிக்கிறதற்கு இந்த ஊர்ப் பொருளே இருக்கிறது. நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தால் ஒட்டுப்பசை கரைந்து வரும். கண்ணாடி, எவர்சில்வர், பீங்கானுக்கு நல்லது. பிளாஸ்டிக்கில் பட்டால் சிலது மங்கிப்போகும், ஓரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தேய்த்த பிறகு ஒரு நாள் வெளியே வைத்து, வாசனை போனதும் கட்டுங்கள்.

சுற்றுகிற சாமானுக்கு வருகிறேன். இதற்கு ஒரு முழுத் தட்டு, அல்லது கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற சக்கர டப்பா ஒன்று. அதில் இருக்க வேண்டியவை: பேப்பர், டேப் இரண்டு, இந்த வேலைக்கு மட்டுமான ஒரு கத்தரிக்கோல், சணல் நூல் அல்லது ரிப்பன், பெயர்ச் சீட்டு, பேனா, மொய்க் கவர், அளவு நாடா. கத்தரிக்கோலின் கைப்பிடியில் ரிப்பனைக் கட்டி டப்பாவோடு முடிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது பிள்ளைகளின் கிராஃப்ட் வேலைக்குப் போய்விடும்.

பேப்பரைப் பற்றி. நம் கடைகளில் கிஃப்ட் பேப்பர் தாள் தாளாகத்தான் அதிகம் விற்கும், சுமார் 20க்கு 30 அங்குலம். கடைக்காரர் நாலாய் மடித்துக் கொடுப்பார், அந்த மடிப்புக் கோடு கடைசி வரை தெரியும். "மடிக்காதீங்க, சுருட்டிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். நான் முன்னே சொன்ன அட்டைக் குழாயில் பத்துப் பத்துத் தாளாகச் சுற்றி, கிழிந்த புடவை நாடாவால் கட்டி வையுங்கள். ரப்பர் பேண்டு இங்கேயும் ஆகாது, இளகி ஒட்டிக்கொள்ளும். குழாயைச் செங்குத்தாக நிறுத்தினால் ஈரத்தில் கீழ்ப்பக்கம் நொய்ந்து வளையும், படுக்கவையுங்கள்.

பளபளக்கிற ஜிகினாத் தாளை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்து வந்தால் அது பிளாஸ்டிக் படலம், பழைய பேப்பர்காரர் கூட எடுக்க மாட்டார். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு, 2019 ஜனவரியில் மாநிலம் முழுக்கத் தடை வருவதற்கு முன்னாலேயே இருந்தது. பழகியவர்களுக்குப் பழுப்புத்தாளும் சணலும் அழகாகத் தெரியும். மேலே ஒரு பைன் காய், இல்லாவிட்டால் தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கிற வாடாப்பூ இரண்டு வைத்துக் கட்டுங்கள். சிவகாசி மாதக் காலண்டரின் பின்பக்கம் நல்ல கனமான வெள்ளை. டிசம்பர் முடிந்ததும் பன்னிரண்டு தாள் இலவசம். நெருங்கிய வீடுகளுக்குப் பேப்பரே வேண்டாம், புது மஞ்சப்பையில் போட்டு வாயை நூலால் கட்டிக் கொடுத்தால் பையும் பரிசுதான்.

எவ்வளவு பேப்பர் வெட்டுவது என்று தெரியாமல்தான் பாதித் தாள் வீணாகிறது. பெட்டியைச் சுற்றி வருகிற நாலு பக்கத்தையும் கூட்டி இரண்டு அங்குலம் சேருங்கள், அது ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு சேருங்கள், அது மறுபக்கம். புடவைப் பெட்டி 14க்கு 10 அங்குலம், உயரம் 2 என்று வைத்துக்கொண்டால், சுற்றளவு 24, இரண்டு சேர்த்து 26. நீளம் 14, மூன்று சேர்த்து 17. 26க்கு 17. ஒரு தாளில் அடங்கிவிடும், மிஞ்சுகிற துண்டு ஒரு சின்ன டப்பாவுக்கு ஆகும். கையிருப்பாக இருபது தாள் போதும். பிள்ளைகளுக்கு எட்டு, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே நிறத்தில் எட்டு, பழுப்பு நாலு. கார்ட்டூன் போட்டதை அதிகம் வாங்காதீர்கள், போன வருடத்து ஹீரோவை இந்த வருடப் பிள்ளைக்குப் பிடிக்காது.

செல்லோ டேப் மார்கழிக் காலையில் ஒட்டாது. டேப்பில் கோளாறு இல்லை, குளிரில் பசை இறுகிவிடுகிறது. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நுனி தொலையாமல் ஒரு தீக்குச்சியை அதன் அடியில் கொடுத்து வையுங்கள். வருடத்துக்கு மேல் போனால் மஞ்சளாகிப் பசை வெளியே பிதுங்கும், அதனால் மொத்தமாக டஜன் வாங்குவதில் லாபம் இல்லை.

மொய்க் கவர் ஒரு தனிக் கதை. பசை தடவிய கவர் இந்த ஊர் ஈரத்தில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய அழகான கவராக ஐம்பது வாங்கி வைத்திருந்தேன், ஐப்பசி முடிந்து எடுத்தால் ஐம்பதும் வாய் மூடி மௌன விரதம். கத்தியால் பிரித்தால் கிழிகிறது. இப்போது ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் பட்டர் பேப்பர் துண்டு ஒன்று வைத்து, பத்துப் பத்தாகத் தகர டப்பாவில் போடுகிறேன். இருபதுக்கு மேல் வாங்குவதும் இல்லை.

பெயர்ச் சீட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வருடத்துக்கு முப்பது கல்யாணப் பத்திரிகையாவது வீட்டுக்கு வருகிறது. சாமி படமும் பெயர்களும் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, கெட்டியான வெற்றுப் பகுதியை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி மூலையில் துளை போட்டால் ஆயிற்று. பளபளப்புப் பக்கத்தில் ஜெல் பேனா காயாது, பால் பாயிண்டில் எழுதுங்கள்.

எப்போது சரிபார்ப்பது என்றால், நான் பொங்கலுக்கு முந்தின பத்து நாளைச் சொல்வேன். ஆடியிலும் நமக்குக் கல்யாணம் இல்லை, கணக்கெடுக்க வசதி என்று கீழ்நாட்டில் சொல்வார்கள். இங்கே ஆடியில் டப்பாவைத் திறந்தால் மஞ்சு நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே கணக்கு வேறு. ஆனி ஆடியில் ஊட்டிக்கு மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. மார்கழிப் பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் ஓய்ந்துவிடும். ராத்திரி உறைபனி கொட்டினாலும் பகல் காய்ந்த வெயில். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு எடுத்தது போக மிச்சத்தையெல்லாம் வெளியே பரப்பி, நோட்டோடு ஒப்பிட்டு, இரண்டு வருடம் நகராத பொருளை யாருக்காவது கொடுத்துவிட்டு, தை முகூர்த்தங்களுக்கு எத்தனை வேண்டும் என்று தினசரிக் காலண்டரைப் புரட்டி எழுதிக்கொள்வேன். போகிக்குள் டப்பாக்கள் மூடியாகிவிடும்.

கடைசியாக உங்கள் பூஞ்சணம் பிடித்த சாமான். வீட்டுக்குள் உதறாதீர்கள், தூள் பறந்து எல்லா அறையிலும் விதைக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே கொண்டுபோய்ப் பிரஷால் தட்டி, இரண்டு மூன்று வெயில் காட்டுங்கள். எவர்சில்வர், கண்ணாடியைக் கழுவினால் போதும். ஹேண்ட்பேக்கை மருந்துக்கடை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். நிறம் போகிறதா என்று அடிப்பக்கத்தில் முதலில் பாருங்கள். சரியானாலும் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாசனை மறுபடி வரும். ஸ்வெட்டரைத் துவைத்து வெயிலில் விட்டால் பெரும்பாலும் மீண்டு வரும். புள்ளி விழுந்த காகிதத் தாளைக் காப்பாற்ற முடியாது, நல்ல தாள்களோடு சேர்த்து வைக்காமல் எறிந்துவிடுங்கள். ஜிகினாத் தாளை மட்டும் போகி நெருப்பில் போடாதீர்கள். அது பிளாஸ்டிக் புகை, மஞ்சோடு சேர்ந்து தெருவை விட்டு நகராது.